கொட்டகையிற் பிறந்த புகழ்

தோற்றுவாய்

மட்டக்களப்பு மண் ஈன்ற பேரறிஞராகிய சுவாமி விபுலானந்தர் "மதங்க சூளாமணி" என்னும் நாடக நூலை 1926ஆம் ஆண்டில் தமிழுலகிற்கு அளித்தார். அந்நூலிலே ஆங்கிலப் பெரும்புலவர் சேக்ஸ்பியரின் நாடகங்களை நம் முன்னோரின் நாடக இலக்கணத்தோடு ஒப்பவைத்து ஆராய்ந்த அடிகளார், அப்புலவருக்குச் "செகசிற்பியார்" என்று அழகிய தமிழ்ப் பெயரும் சூட்டினார். கடல்கடந்த ஒரு நாட்டின் நாடகாசிரியனுக்கு, அவன் மறைந்து முந்நூறு ஆண்டுகள் சென்ற பின்னர், ஈழத்துத் துறவியொருவர் பெயர்சூட்டி மகிழ்ந்தார் என்றால் அப்புலவனின் புகழ் எத்துணைப் பெரிது என்பதை நாம் உணரலாம்.

ஆயின், அப்புலவன் உயிரோடிருந்த காலத்தில், அவனுடைய நாடகம் நடந்த கொட்டகையின் வாயிலிற் காசு கொடுத்து நுழைந்தவர்களிற் பெரும்பாலோர் "இதை எழுதியவர் யார்?" என்று கேட்டாரல்லர். "இன்று ஆடுபவர் யார்?" என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. எழுதியவன் பெயர் பின்னே கிடந்தது. ஆடியவன் பெயர் முன்னே நின்றது. கொட்டகைக்காரன் கையிலே காசு சேர்ந்தது. நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் இந்த வரிசை தலைகீழாக மாறியிருக்கிறது. புகழ் என்பது எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எவ்வாறு விற்கப்பட்டது, எவ்வாறு நிலைபெற்றது என்பதை அறிய விரும்புவார்க்கு இலண்டன் மாநகரின் பழைய நாடகக் கொட்டகைகளின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது. அதனையே ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

காசுக்கு ஆடிய கூத்து

நம் ஊர்க் கூத்து கோயில் வீதியிலே, ஊர் மக்கள் அனைவரும் கூடி விடியும்வரை இருந்து பார்க்கும்படி ஆடப்பட்டது. அதற்குச் சீட்டும் இல்லை, வாயிற் காவலும் இல்லை. ஐரோப்பாவிலும் பழைய சமய நாடகங்கள் இவ்வாறே திருவிழாக் காலங்களில் நகர வீதிகளில் நடந்தன. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இலண்டனில் நிலைமை மாறிற்று. நாடகம் தொழிலாயிற்று.

தொழிலாயிற்றே தவிர, அத்தொழிலுக்கு மதிப்பு இருக்கவில்லை. 1572ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவைப் பெறாத நடிகரை நாடோடிகளோடும் இரவலரோடும் ஒருங்கே எண்ணிற்று. அவ்வாறு அகப்பட்டவனுக்குக் கசையடியும், காதைச் சுட்டுத் துளையிடுதலும் தண்டனை. ஆதலால் ஒவ்வொரு நடிகர் குழுவும் ஒரு பிரபுவின் பெயரைக் குடையாகப் பிடித்துக்கொண்டது. "கடற்படைத் தலைவரின் குழு", "அரண்மனை மேலதிகாரியின் குழு" என்பன போன்ற பெயர்கள் அவ்வாறு வந்தனவே. பெயரே பாதுகாப்பு என்ற நிலையிலிருந்துதான் இந்நடிகர்களின் வாழ்வு தொடங்கிற்று என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

1576ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேர்பேஜ் என்பவர் நகரமதிலுக்கு வடக்கே, ஷோடிச் என்னும் இடத்தில், நாடகத்திற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார். அவர் முதலிலே தச்சுத் தொழில் பயின்றவர். அடுத்த ஆண்டில் அதன் அயலிலே "கேட்டின்" என்னும் கொட்டகை எழுந்தது. பின்னர் தேம்ஸ் நதியின் தென்கரையிலே 1587இல் "றோஸ்", 1595அளவில் "சுவான்", 1599இல் "குளோப்" என்பன தோன்றின. நகரசபையார் நாடகத்தை வெறுத்தனர். ஆதலால் அவர்களுடைய ஆணை செல்லாத எல்லைகளிலேயே இவை எழுந்தன.

முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. இருந்து பார்க்க இன்னுமொரு பென்னி. மெத்தையோடு வசதியாக இருக்க மூன்றாவது பென்னி. 1599இல் இலண்டனுக்கு வந்த தோமஸ் பிளாற்றர் என்னும் சுவிற்சலாந்து நாட்டவர் இவ்விலைகளைத் தம் குறிப்பிலே எழுதிவைத்திருக்கிறார். நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டு, சிலவேளை மூன்று நாடகங்கள் வெவ்வேறிடங்களில் ஒன்றோடொன்று போட்டியிட்டு நடப்பதாகவும், நன்றாக ஆடுவோர்க்கே கூட்டம் மிகுதியாகச் சேர்வதாகவும் அவர் கூறுகின்றார். போட்டி என்ற சொல்லிலேதான் நம் கதையின் உயிர் இருக்கிறது. போட்டி வந்த இடத்தில் விளம்பரம் வராமல் இருக்குமா?

கூவி அழைத்த வகை

இன்று ஆடியதை நாளை ஆடுவது அக்காலத்து வழக்கமன்று. றோஸ் கொட்டகையில் வாரத்தில் ஆறு நாளும் பெரும்பாலும் ஆறு வெவ்வேறு நாடகங்கள் நடந்தன. ஆதலால் இன்றைக்கு என்ன நாடகம் என்பதை நாள்தோறும் நகரத்தாருக்கு அறிவித்தாக வேண்டும். பத்திரிகையோ வானொலியோ இல்லாத காலம். கொட்டகைக்காரர் கைக்கொண்ட வழிகள் நான்கு.

முதலாவது கொடி. நாடகம் உள்ள நாளிலே கொட்டகையின் உச்சியிற் கொடி ஏறும். ஆற்றின் மறுகரையில் நிற்பவனுக்கும் அது தெரியும். இரண்டாவது எக்காளம். தொடங்குமுன் மும்முறை ஊதுவார்கள். 1596அளவில் இலண்டனைக் கண்ட ஜொஹானஸ் டெ விட் என்னும் ஒல்லாந்தர் சுவான் கொட்டகையை வரைந்த படத்தின் பிரதியொன்று இன்றும் உளது. அதிலே அன்னம் எழுதிய கொடியும், எக்காளம் ஊதுவோனும் காணப்படுகின்றனர். அக்கொட்டகையில் மூவாயிரம்பேர் இருக்கலாம் என்றும் அவர் எழுதினார். மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் நடிகரொருவர் மேடையின் முன்னே வந்து அடுத்து ஆடப்போகும் நாடகத்தைச் சொல்லிவிடுதல்.

நான்காவதே அச்சடித்த அறிவித்தல். வீதிக் கம்பங்களிலே இவ்வறிவித்தல்களை ஒட்டினார்கள். இதனை அச்சிடும் உரிமை ஒருவருக்கே உரியதாயிற்று. 1587இல் ஜோன் சாள்வுட் என்னும் அச்சகத்தார் அதற்கு அனுமதி பெற்றார். அவருக்குப்பின் ஜேம்ஸ் றொபேட்சும், அவருக்குப்பின் வில்லியம் ஜகாட்டும் அதனைக் கைக்கொண்டனர். ஜகாட் என்னும் இப்பெயரை வாசகர்கள் மறவாதிருப்பார்களாக. அவர் மீண்டும் இருமுறை நம் கதையில் வருவார்.

இவ்வறிவித்தல்களில் நாடகாசிரியனுக்கு இடமிருக்கவில்லை. டிறைடன் என்னும் புலவர் 1699இல் எழுதிய கடிதமொன்றில், நாடக அறிவித்தலில் ஆசிரியன் பெயரை அச்சிடுதல் இங்கிலாந்தில் முன்னர் இல்லாத புதுமை என்று வியந்து குறிப்பிடுகின்றார். சேக்ஸ்பியர் மறைந்தது 1616இல். அவர் காலத்து மதிலொட்டியிலே அவருடைய பெயர் இருக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

வெறும் அறிவித்தல் செய்த வேலை

விளம்பரம் எவ்வளவு வலியது, எவ்வளவு வெறுமையானது என்னும் இரண்டையும் ஒரே நாளிற் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1602ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் திகதி சுவான் கொட்டகையில் "இங்கிலாந்தின் மகிழ்ச்சி" என்னும் காட்சி நடைபெறும் என்று றிச்சாட் வெனார் என்பவர் அச்சுத்தாள் வெளியிட்டார். எலிசபெத் அரசியாரின் ஆட்சிச் சிறப்பெல்லாம் காட்டப்படும். முடிவிலே அரசியார் அரியணையோடு விண்ணுலகிற்கு உயர்த்தப்படுவார். ஆடுவோர் கூலி நடிகரல்லர், நற்குடிப்பிறந்த கனவான்களும் சீமாட்டிகளுமே என்றெல்லாம் ஆசை காட்டப்பட்டது. பெண்கள் மேடையேறாத காலம் அது. பெண் வேடங்களைச் சிறுவர்களே தாங்கினர். ஆதலால் இச்செய்தி நகரை உலுக்கிற்று. வழக்கமான ஒரு பென்னி எங்கே? குறைந்தது பதினெட்டுப் பென்ஸ் வாங்கப்பட்டது. பிரபுக்கள் பலரும் வந்து நிறைந்தனர்.

பணத்திற் பெரும்பகுதி கைக்கு வந்ததும் வெனார் ஓட்டம் பிடித்தார். குதிரையேற முடியாமற்போகவே ஆற்றுவழியாகத் தப்ப முயன்று பிடிபட்டார். நாடகமோ இல்லை. ஏமாந்த கூட்டம் திரைச்சீலைகளையும், கதிரைகளையும், சுவர்களையும் கைக்ககப்பட்ட அனைத்தையும் நொறுக்கித் தன் சினத்தைத் தீர்த்துக்கொண்டது. பெரிய நீதிபதியோ இதனை வேடிக்கையாகக் கருதி, ஐந்து பவுண் பிணையில் அவரை விட்டார் என்று அக்காலத்துக் கடிதமொன்று கூறுகிறது.

இதிலே ஒரு முரண் உண்டு. அக்காலத்திலே கம்பங்களில் ஒட்டப்பட்ட நேர்மையான அறிவித்தல்கள் ஆயிரக்கணக்கில் அழிந்துபோயின. நடவாத இந்த நாடகத்தின் அச்சுத்தாளோ இன்றுவரை எஞ்சியிருக்கிறது! ஆனால் வெனாரை இன்று நினைப்பார் எதற்காக நினைக்கின்றனர்? வஞ்சனைக்காகவே. பெயர் நிலைத்தல் வேறு, புகழ் நிலைத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆடியவர் பெற்ற பெயர்

இனி, உண்மையாகவே ஆடிப் பெயர்பெற்றோரைக் காண்போம். இவர்களுள் முன்னவர் றிச்சாட் தார்ல்ட்டன் என்னும் நகைச்சுவை நடிகர். 1583இல் அமைக்கப்பெற்ற அரசியாரின் குழுவிலே அவர் இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் தலையை மட்டும் நீட்டினாற் போதும், ஒரு சொல் பேசுமுன்னரே அவை சிரிப்பால் அதிரும் என்பர். 1588இல் அவர் இறந்தார். ஆனால் அவருடைய பெயரை வியாபாரிகள் இறக்கவிடவில்லை. மதுச்சாலைகளின் பெயர்ப்பலகைகளில் அவருடைய உருவம் எழுதப்பட்டது. 1590இல் அவருடைய ஆவி வந்து கதை சொல்வதாக ஒரு நூல் வெளிவந்தது. அவர் சொன்ன பகடிகள் என்று ஒரு தொகுப்பும் பின்னர் விற்பனையாயிற்று. அவற்றுள் அவர் உண்மையிற் சொன்னவை எத்தனை என்று எவரும் கேட்கவில்லை. இறந்தவன் மறுப்புரைக்க வரமாட்டானல்லவா?

சோக நாடகத்திலே இரு பெருமலைகளாக நின்றவர் எட்வேட் அலனும் றிச்சாட் பேர்பேஜும் ஆவர். அலன், கிறிஸ்தோபர் மார்லோ எழுதிய தம்புலேன், பவுஸ்தஸ் முதலிய பாத்திரங்களால் நகரைக் கவர்ந்தவர். 1597இல் மேடையை விட்டு விலகிய அவரை மீண்டும் காண அரசியாரே விரும்பினார் என்பது 1600ஆம் ஆண்டின் அரச கடிதமொன்றால் தெரிகிறது. பேர்பேஜ், முதற் கொட்டகை கட்டிய ஜேம்ஸ் பேர்பேஜின் மகன். சேக்ஸ்பியர் படைத்த ஹம்லெற், ஒதெல்லோ, லியர் ஆகியோருக்கு முதன்முதல் உயிர்கொடுத்தவர்.

இவர்கள் ஈட்டிய கூட்டத்தின் அளவை நாம் கணக்கோடு அறியக்கூடியதாக இருக்கிறது. றோஸ் கொட்டகையின் உடைமையாளர் பிலிப் ஹென்ஸ்லோ 1592 முதலாகக் கணக்குப் புத்தகம் எழுதிவைத்தார். அவ்வாண்டு மார்ச் 3ஆம் திகதி ஆறாம் ஹென்றி நாடகத்தால் அவருக்குக் கிடைத்த பங்கு 3 பவுண் 16 சிலிங் 8 பென்ஸ். அது சாதாரண நாளின் வரவினும் மிகப் பெரியது. வீரனாகிய தால்பொட் பிரபு மேடையிலே இறப்பதைக் கண்டு பதினாயிரம்பேருக்குமேல் பலமுறையாகக் கண்ணீர் சிந்தினர் என்று தோமஸ் நாஷ் என்னும் எழுத்தாளர் அதே ஆண்டில் எழுதினார்.

கெம்பின் ஒன்பது நாள் ஆட்டம்

நடிகன் தன் பெயரைத் தானே எவ்வாறு வளர்த்தான் என்பதற்கு வில்லியம் கெம்ப் செய்த காரியம் சுவையான எடுத்துக்காட்டு. தார்ல்ட்டனுக்குப்பின் நகைச்சுவைக்குப் பெயர்பெற்றவர் இவரே. சேக்ஸ்பியரும் பேர்பேஜும் இருந்த குழுவில் இவரும் பங்காளி. 1599இல் அக்குழுவை விட்டு விலகினார். மேடையில்லை, குழுவில்லை, பெயர் மட்டும் இருந்தது. என் செய்வது?

1600ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, காலில் மணி கட்டிக்கொண்டு, மேளகாரர் ஒருவர் உடன்வர, இலண்டனிலிருந்து நொறிச் நகர்வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தை ஆடியே கடப்பதாகப் புறப்பட்டார். இடையிடையே ஓய்ந்து, ஆடிய நாள்களை மட்டும் எண்ணினால் ஒன்பது நாளில் அதனை முடித்தார். வழியெங்கும் மக்கள் வெள்ளம். செம்ஸ்போட் என்னும் ஊரிற் பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி ஒரு மணிநேரம் அவருக்கு ஈடாக ஆடினாள். சட்பறி என்னும் ஊரிலே கட்டுமஸ்தான இறைச்சிக்கடைக்காரன் ஒருவன் உடன் ஆடுவதாக வந்து, அரை மைல் போகுமுன் களைத்து நின்றுவிட்டான். அதனைக் கண்டு நகைத்த நாட்டுப்புறப் பெண்ணொருத்தி, இடுப்பிற் சேலையைச் செருகுவதுபோலப் பாவாடையைச் சிறிது உயர்த்திக்கொண்டு ஒரு மைல் ஆடிக் காட்டினாள்! கூட்டம் சேர்ந்த இடத்தில் முடிச்சவிழ்ப்போரும் சேர்ந்தனர், இருவர் பிடிபட்டனர். கொட்டகையிலே இத்தகையோரைப் பிடித்தால் மேடைத் தூணிற் கட்டி எல்லோருக்கும் காட்டுவது வழக்கம் என்று கெம்ப் குறிப்பிடுகின்றார்.

நொறிச் நகரபிதா அவரை வரவேற்றுப் பரிசளித்ததோடு, ஆண்டுக்கு நாற்பது சிலிங் வாழ்நாட் கொடையும் வழங்கினார். ஆடிய சப்பாத்துக்கள் நகர மண்டபத்திலே தொங்கவிடப்பட்டன.

இவ்வளவும் நடந்தபின்னர் கெம்ப் ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டார். காரணம் என்ன? தெருப்பாடகர் அவரைப் பற்றிப் பொய்யும் புளுகும் கலந்து பாட்டுக்கட்டி விற்கத் தொடங்கிவிட்டனர். தன் பெயரைத் தானே காக்க வேண்டியவராய் உண்மை இதுதான் என்று எழுத நேர்ந்தது. அதுமட்டுமன்று. புறப்படுமுன் பலரிடம் பந்தயப் பணம் கொடுத்து, ஆடி முடித்தால் மும்மடங்காகத் திருப்பித்தர வேண்டும் என்று பேசியிருந்தார். சிலர் தாமே அனுப்பினர். சிலர் தேடிச்சென்றபோது கொடுத்தனர். மற்றையோர் கண்ணிற்படவே இல்லையாம்! கைதட்டியவர் எல்லோரும் கைகொடுப்பவர் அல்லர் என்பதைக் கெம்ப் நன்கறிந்தார்.

எழுதியவர் பட்ட பாடு

நாடகம் எழுதியவர் நிலை என்ன? 1600அளவில் ஹென்ஸ்லோ ஒரு நாடகத்திற்கு ஏறக்குறைய ஆறு பவுண் கொடுத்தார். கொடுத்ததும் அந்நாடகம் குழுவின் உடைமை. அதன்பின் எழுதியவனுக்கு அதிற் பெயருமில்லை, பெரும்பாலும் பங்குமில்லை. மார்லோவின் தம்புலேன் 1590இல் அச்சேறியபோது தலைப்புப் பக்கத்தில் நடிகர் குழுவின் பெயர் இருந்தது. மார்லோவின் பெயர் இருக்கவில்லை. "ஸ்பானியச் சோக நாடகம்" அக்காலத்தில் மக்கள் மிக விரும்பியது, பலமுறை அச்சாயிற்று, ஒருமுறையாவது ஆசிரியர் பெயரோடு வரவில்லை. அதனை எழுதியவர் தோமஸ் கிட் என்று நாம் இன்று அறிவது, தோமஸ் ஹேவுட் என்னும் மற்றொரு நாடகாசிரியர் 1612இல் தம் நூலொன்றிற் போகிறபோக்கிற் சொல்லிவைத்த ஒரு குறிப்பினாலேயாம். அவ்வொரு வரி இல்லையேல் கிட் என்பவரை அந்நாடகத்தோடு நாம் சேர்த்தறிய வழியில்லை.

இந்த மனக்குறை 1592இல் வெடித்தது. றொபேட் கிறீன் என்னும் பல்கலைக்கழகப் பட்டதாரி வறுமையில் இறந்தார். அவர் பெயரால் வெளிவந்த சிறுநூல், நடிகர்களை நம்பவேண்டாம் என்று சக புலவர்களை எச்சரித்தது. நம் சொல்லைப் பேசி அவர்கள் செல்வராகின்றனர். அதுபோதாதென்று அவர்களுள் ஒருவன், பிறர் இறகைச் சூடிய காகம் போன்று, தானும் நாடகம் எழுதப் புறப்பட்டுவிட்டான் என்று அது ஏசிற்று. ஏச்சுக்கு இலக்கானவர் சேக்ஸ்பியர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. நூலை வெளிக்கொணர்ந்த ஹென்றி செற்றில் சில மாதங்களுள் வருத்தம் தெரிவித்து எழுதினார். ஆயினும் வசையே வரலாறாயிற்று. நாடகாசிரியராக அவர் வளர்ந்து வருவதை நமக்கு முதலில் அறிவிப்பது அந்த வசைமொழியே.

ஆறாண்டுகள் சென்றன. 1598இல் மூன்று நாடகங்கள் சேக்ஸ்பியரின் பெயரைத் தலைப்பிலே தாங்கி விற்பனைக்கு வந்தன. அவருடைய பெயர் இப்போது விலைபோகும் பெயராயிற்று. விலைபோகும் பெயருக்குப் போலியும் பிறக்குமல்லவா? 1605இல் "இலண்டன் ஊதாரி", 1608இல் "யோக்ஷயர்ச் சோக நாடகம்" என்பன அவர் எழுதாதவை. ஆயினும் அவர் பெயரோடு வந்தன. அறிவித்தல் அச்சிடும் ஜகாட் 1599இலேயே பலருடைய பாக்களைத் திரட்டிச் சேக்ஸ்பியர் பெயரில் ஒரு தொகுதி வெளியிட்டார். 1612இல் அதனை மீண்டும் அச்சிட்டபோது ஹேவுட்டின் பாக்களையும் அதிற் சேர்த்துவிட்டார். ஹேவுட் பகிரங்கமாக முறையிட்டார். தம் பெயரை இவ்வாறு கையாண்டதற்குச் சேக்ஸ்பியரும் சினங்கொண்டதாக எழுதினார். ஜகாட் பின்னர்ச் சில பிரதிகளில் தலைப்புப் பக்கத்தை மாற்றிச் சேக்ஸ்பியர் பெயரை நீக்கினார். இருபதாண்டுகளுக்குமுன் பெயரில்லாமை புலவனின் துன்பம். இப்போது பெயர் இருப்பதே துன்பம்!

புகழே ஆபத்தாதல்

கொட்டகைக்குக் கூட்டத்தைக் கூட்டும் ஆற்றல் உண்டு என்பதை அரசியலாரும் கண்டுகொண்டனர். 1601ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர் குளோப் கொட்டகைக்கு வந்து, அரசன் முடியிழக்கும் காட்சியுள்ள இரண்டாம் றிச்சாட்டின் கதையை ஆடும்படி கேட்டிருந்தனர். அது பழைய நாடகம், கூட்டம் வராது என்றனர் நடிகர். வழக்கமான வருவாய்க்குமேல் நாற்பது சிலிங் தருகிறோம் என்றனர் வந்தவர். ஆடினார்கள். மறுநாள் பிரபு கிளர்ச்சி செய்து தோற்றார். நடிகர்கள் விசாரணைக்கு உள்ளாயினர். அவர்கள் சார்பில் ஒகஸ்ரின் பிலிப்ஸ் விடை கூறினார். தண்டனை ஏதுமின்றித் தப்பினர். பிரபு தலைதுணிக்கப்படும் நாளுக்கு முந்திய மாலையிலே அதே குழு அரசியார் முன்னிலையில் நாடகம் ஆடியது. நாற்பது சிலிங்குக்கு ஆசைப்பட்டு நூலிழையில் உயிர்தப்பியவர்கள் அன்று எந்த நெஞ்சோடு மேடையேறினார்களோ!

1624 ஓகஸ்ட் மாதத்திலே தோமஸ் மிடில்ரன் எழுதிய "சதுரங்க ஆட்டம்" அதே குளோப்பில் ஒன்பது நாள் தொடர்ந்து நடைபெற்றது. நாளுக்கொரு நாடகம் என்னும் வழக்கத்தில் இது கேட்டறியாத செய்தி. ஸ்பானிய அரசின் முன்னாள் தூதுவரைக் கேலி செய்வதற்கென அவருடைய பழைய உடையையும் பல்லக்கையும் தேடிப்பெற்று மேடையேற்றினர். ஸ்பானியத் தூதுவர் முறையிட, அரசர் நாடகத்தை நிறுத்தினார். புகழ் உச்சிக்கு ஏறிய அதே வாரத்திற் கொட்டகைக் கதவு மூடப்பட்டது.

கொடையால் நின்ற பெயர்

திருவள்ளுவர் புகழ் என்னும் அதிகாரத்தை ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தார். இவ்வைப்புமுறையின் பொருத்தத்தை இக்கொட்டகைகளின் வரலாறும் நமக்கு உணர்த்துகின்றது.

அலன் பெருஞ் செல்வரானார். பிள்ளைகள் இல்லை. 1605இல் டல்விச் என்னும் நிலத்தை வாங்கி, 1619இல் அங்கே ஏழைச் சிறுவர் பன்னிருவருக்குக் கல்வியும், வறிய முதியோர் பன்னிருவருக்கு உறைவிடமும் அளிக்கும் அறநிலையத்தை நிறுவினார். "இறைவன் கொடைக் கல்லூரி" என்பது அதன் பெயர். அதன் வழிவந்த கல்விக்கூடம் இன்றும் உண்டு. நாம் மேலே காட்டிய ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகமும் அவ்விடத்திற் காக்கப்பட்டமையாலேயே எஞ்சியது. ஹென்ஸ்லோவின் வளர்ப்பு மகளை மணந்தவர் அலன். நாடோடி என்று சட்டம் எண்ணிய கூட்டத்தில் ஒருவன், நாடகத்தின் வரலாற்றையே காத்தளித்த கொடையாளியானான்.

அதே 1619ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பேர்பேஜ் இறந்தார். சில நாட்களுக்குமுன் நாட்டின் அரசியாகிய ஆன் இறந்திருந்தார். அரசிக்கு அழாதவரும் நடிகனுக்கு அழுகின்றனரே என்று குறைகூறும் அளவுக்கு நகரம் துயருற்றது. பெம்புறூக் பிரபு, பழைய நண்பனை இழந்து சிலகாலமே ஆனமையால் நாடகம் பார்க்கத் தமக்கு மனம் வரவில்லை என்று கடிதம் எழுதினார். நடிகனுக்கு மக்கள் செய்த மிகப்பெரிய மரியாதை இது. ஆனால் குரலும் மெய்ப்பாடும் காற்றோடு போயின. கண்டவர் இறந்ததும் அப்புகழும் மெலிந்தது.

சேக்ஸ்பியர் 1616இல் இறந்தபோது அவருடைய நாடகங்களிற் பாதி அச்சேறவில்லை. தம் மரண சாதனத்தில் அவர் மூன்று நண்பருக்கு மோதிரம் வாங்கப் பணம் வைத்தார். ஒருவர் பேர்பேஜ், மற்ற இருவர் உடன் நடித்த ஜோன் ஹெமிங்ஸும் ஹென்றி கொண்டெலும். அவ்விருவருமே உழைத்து 36 நாடகங்களைத் திரட்டி 1623இற் பெருநூலாக வெளியிட்டனர். அவற்றுள் 18 அதற்குமுன் அச்சைக் காணாதவை. மக்பெத்தும், ஜூலியஸ் சீசரும், சூறாவளியும் அவற்றுட் சேர்ந்தவை. தமக்கு ஊதியமோ புகழோ கருதாமல், தகுதி வாய்ந்த நண்பனின் நினைவு நிலைத்தற்பொருட்டே இதனைச் செய்தோம் என்று அவர்கள் முகவுரையிற் கூறினர்.

அந்நூலை அச்சிட்டது எந்த அச்சகம்? கம்பங்களுக்கு அறிவித்தலும், பொய்ப்பெயரில் பாத்தொகுதியும் அச்சிட்ட அதே ஜகாட்டின் அச்சகமே! அறிவித்தல்கள் மழையில் நனைந்து அழிந்தன. பொய்த்தலைப்பு கிழித்தெறியப்பட்டது. நண்பர் திரட்டிக்கொடுத்த பெருநூல் நானூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றது. எந்திரம் ஒன்றே, மை ஒன்றே, உள்ளம்தான் வேறு.

முடிவுரை

1642 செப்ரெம்பரிலே பாராளுமன்றம் நாடகங்களை நிறுத்த ஆணையிட்டது. கொடி இறங்கிற்று, எக்காளம் ஓய்ந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1989இல் இலண்டனில் ஒரு கட்டடத்திற்கு அத்திவாரம் தோண்டியபோது றோஸ் கொட்டகையின் அடிச்சுவடு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. இத்தனை ஆரவாரத்தில் எஞ்சியது அந்த அடிச்சுவடும், சில ஏடுகளும், ஓர் அறநிலையமுமே.

விளம்பரம் தீதென்று நாம் கூறவில்லை. எக்காளம் ஊதாவிடின் குளோப்பில் எவரும் கூடியிருக்கமாட்டார். கூடாவிடின் ஹம்லெற்றும் பிறந்திருக்கமாட்டான். அழைப்பதற்கு விளம்பரம் வேண்டும். அழைத்தபின் கொடுப்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். வெனாரிடம் அது இருக்கவில்லை.

இளைஞர்களே, ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், நாடகம் போடுகின்றோம், நோட்டீசு அடிக்கின்றோம். நோட்டீசிலே யாருடைய பெயர் முதலில் வருவது, யாருடைய பெயர் பெரிய எழுத்தில் வருவது என்பதில் எத்தனை சங்கங்கள் மனம் பிரிந்திருக்கின்றன என்பதை மூத்தோர் அறிவர். அத்தகைய வேளையில் ஹெமிங்ஸையும் கொண்டெலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தம் பெயரை மறந்து நண்பனின் பெயரைக் காத்தனர். அதனாலேயே அவர்களுடைய பெயரும் நின்றது. எழுதியவனை மறவாதிருத்தல், வேடந்தாங்கியவனோடு திரை இழுத்தவனையும் நினைத்தல், முன்னோர் ஆடிய கூத்தின் ஏடு கறையானுக்கு இரையாகுமுன் எடுத்துப் படியெழுதி வைத்தல் ஆகிய இவையே நம்மாலியன்ற கொடை. இதனைச் செய்வோமாயின் புகழ் நம்மைத் தேடி வந்தாலும் வரும், வராதொழியினும் குறைவில்லை. வருங்காலத்தார் கையிலே ஓர் ஏடாவது எஞ்சும்.